குப்பைப் பையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களுக்கு

முதல் 151 போக்கிமான்களின் பெயர்களையும் எண் வரிசை மாறாமல் ஒப்பிக்கக்கூடிய நண்பர்களே,

கான்டோவில் தொடங்கி, ஜோட்டோவைச் சுற்றி, உங்களில் சிலர் ஹோயென் வரைக்கும் வந்து, அதற்கு மேல் வேண்டாம் என்று போக்கிமான் விளையாட்டை மூடிவைத்துவிட்டுப் போனவர்கள் நீங்கள். போனதில் தவறில்லை. படிப்பு வந்தது, வேலை வந்தது, வேறு விளையாட்டுகள் வந்தன. ஆனால் போன பிறகும் ஒரு தீர்ப்பை மட்டும் கையோடு வைத்திருக்கிறீர்கள். ஐந்தாம் தலைமுறை என்று யாராவது பேச்செடுத்தால், ‘குப்பைப் பையையும் ஐஸ்கிரீமையும் போக்கிமான் என்று விட்டார்களே, அதுதானே?’ என்கிறீர்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. இந்த மடல் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. அதைச் சொல்பவரிடம் இன்னும் நாலு வார்த்தை பேசிப்பாருங்கள். அந்தத் தலைமுறையின் ‘பிளாக்’, ‘ஒயிட்’ இரண்டில் எதையும் அவர் விளையாடியிருக்க மாட்டார், இரண்டு படங்களைப் பார்த்திருப்பார். விளையாடாத ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு; அதைப் பறிக்க நான் வரவில்லை. என் ஆதங்கம் வேறு. பழைய உயிர்களை நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கும் உங்களைப் போன்றவர்களிடம்தான் அந்த விளையாட்டு அதிகம் பேச வேண்டியிருந்தது. அது பேச வந்த நேரத்தில் நீங்கள் அங்கே இல்லை.

ஏன் இல்லை என்பதற்குத் தேதிகளே விடை சொல்லும். முதல் விளையாட்டுகளான ‘ரெட்’, ‘கிரீன்’ ஜப்பானில் வெளியானது 1996 பிப்ரவரியில். அன்று பத்து வயதில் இருந்த ஒருவருக்கு, 2010 செப்டம்பர் 18 அன்று ‘பிளாக்’, ‘ஒயிட்’ வந்தபோது வயது இருபத்துநான்கு. அமெரிக்காவுக்கு அது 2011 மார்ச் 6 அன்று வந்தது; சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 27 அன்று, நின்டெண்டோ தன் அடுத்த கருவியான 3டிஎஸ்ஸை அங்கே கடைக்குக் கொண்டுவந்தது. புதுக் கருவிக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவர் பழைய டிஎஸ்ஸுக்கான விளையாட்டை எதற்கு வாங்குவார்? போதாக்குறைக்கு, அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஜோட்டோவைப் புதுப்பித்து ‘ஹார்ட்கோல்ட்’, ‘சோல்சில்வர்’ என்று அங்கே வெளியிட்டிருந்தார்கள். பழைய நினைப்புக்காக ஒரு முறை திரும்பி வந்தவர்களின் ஏக்கம் அதிலேயே தணிந்துவிட்டது. தொடர்ச்சியான ‘பிளாக் 2’, ‘ஒயிட் 2’ 2012இல் வந்தபோது 3டிஎஸ் வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அப்போதும் அது பழைய டிஎஸ்ஸுக்குத்தான் வந்தது. ஆனாலும் முதல் ஜோடி உலகெங்கும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. வாங்கி விளையாடியவர்கள் இருந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் உங்கள் தம்பி தங்கை வயதுக்காரர்கள்.

அவர்கள் கையில் கிடைத்தது என்ன? யுனோவா என்ற நிலம். அதுவரை வந்த நிலங்கள் ஜப்பானின் ஏதோ ஒரு பகுதியைப் பார்த்து வரையப்பட்டவை. முதன்மை வரிசையில் முதல் முறையாக இயக்குநர் ஜூனிச்சி மசுதாவும் விளையாட்டை உருவாக்கிய கேம் ஃப்ரீக் குழுவினரும் நியூயார்க்கை மாதிரியாகக் கொண்டார்கள்: கப்பல் துறைகளும் வானுயர்ந்த கட்டடங்களும் நிற்காமல் நடக்கும் கூட்டமும் கொண்ட கேஸ்டெலியா, அதற்குள் இட்டுச்செல்லும் நீண்ட தொங்கு பாலம், அதற்கப்பால் விளையாட்டரங்குகளும் ராட்சத ராட்டினமும் உள்ள நிம்பாசா. இடத்தை மாற்றியது பெரிதல்ல. உயிர்களை மாற்றினார்கள், அதுதான் பெரிது. ஒரே வீச்சில் 156 புதியவை. வேறெந்தத் தலைமுறையிலும் இத்தனை வந்ததில்லை. கதை முடியும்வரை பழையது ஒன்றுகூடப் புல்வெளியில் அகப்படாது, எதிராளியின் பந்திலிருந்தும் வெளியே வராது. பிகாச்சு இல்லை. குகைக்குள் நுழைந்தால் ஸூபாட் இல்லை. இதைத்தான் நீங்கள் அவமதிப்பாக எடுத்துக்கொண்டீர்கள். நான் இதை மரியாதை என்கிறேன். எது எதற்கு அஞ்சும், எது எந்த லெவலில் உருமாறும், எதைக் கூட வைத்துக்கொண்டால் கடைசிவரை கவலையில்லை என்பதெல்லாம் மனப்பாடமாகிவிட்ட ஒருவருக்கு அந்த உலகத்தில் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. உங்களுக்கு முதல் நாளின் அறியாமையைத் திருப்பிக் கொடுக்க வேறு வழியே கிடையாது. யுனோவாவின் முதல் புல்வெளியில் பதினைந்து வருட அனுபவசாலியும் நேற்று கருவி வாங்கிய சிறுமியும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். எதிரே நிற்பது என்னவென்று இருவருக்கும் தெரியாது.

குப்பைப் பைக்கு வருவோம். அதன் பெயர் ட்ரப்பிஷ். குப்பைப் பைகளும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து உயிர் பெற்றது என்று விளையாட்டின் கலைக்களஞ்சியம் சொல்கிறது. உங்களுடைய 151இல் கிரைமர் என்று ஒன்று உண்டு, நினைவிருக்கிறதா? அது சாக்கடைச் சேறு. வோல்டார்ப் என்பது போக்கிமான் பந்துக்கே கண் வைத்தது. மேக்னமைட் இரண்டு காந்தங்களும் சில திருகாணிகளும். கோஃபிங் நச்சு வாயு அடைத்த உருண்டை. பொருள்களுக்கும் கழிவுக்கும் உயிர் கொடுப்பது ஐந்தாம் தலைமுறையின் வறட்சி என்றால், அது முதல் தலைமுறையிலேயே தொடங்கிய வறட்சி. நெடுநாள் புழங்கிய பாத்திரமும் குடையும் காலப்போக்கில் ஆவி பெற்று எழும் என்ற நம்பிக்கை ஜப்பானில் பழையது, சுகுமோகாமி என்பார்கள். அந்த மண்ணில் தோன்றிய விளையாட்டில் தூக்கி எறிந்த பை எழுந்து நடப்பது விசித்திரமே அல்ல. லட்சக்கணக்கான பேர் தினமும் குப்பை கட்டி வாசலில் வைக்கும் ஒரு மாநகரத்தை மாதிரியாகக் கொண்ட நிலத்தில் அது பொருத்தமும்கூட. நியாயமான குறை ஒன்று உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன்: புதியவற்றில் சில பழையவற்றின் இடத்தை நிரப்புவதற்காகவே வந்தவை. ஸூபாட்டுக்குப் பதில் வூபாட், மாச்சாப்புக்குப் பதில் மரக்கட்டை தூக்கும் டிம்பர், ஜியோடூடுக்குப் பதில் ரோகன்ரோலா. பெயரை மாற்றிப் பழைய வீட்டையே கட்டியது போல அங்கங்கே தோன்றுவது உண்மை.

ஆனால் நீங்கள் பார்த்தது நின்றுபோன படம். அதிலிருந்து தீர்ப்பு சொல்ல முடியாததற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. நீங்கள் நேசித்த பழைய விளையாட்டுகள் புள்ளி புள்ளியாக வரைந்த உருவங்களால் ஆனவை. சண்டை தொடங்கும்போது அவை பெரும்பாலும் அசையாமல் நின்றன. பின்னாளில் வந்தவை ஒரு நொடி துள்ளிவிட்டு நின்றன. ஐந்தாம் தலைமுறையில்தான் முதல் முறையாக 649 உயிர்களும், முன்பக்கமும் பின்பக்கமும், சண்டை முடியும்வரை அசைந்துகொண்டே இருக்கின்றன. மூச்சு விடுகின்றன, வாலை ஆட்டுகின்றன, தூங்க வைத்தால் கண்ணை மூடி மெதுவாக அசைகின்றன. அதற்கடுத்து 2013இல் வந்த ‘எக்ஸ்’, ‘ஒய்’ முப்பரிமாண உருவங்களுக்கு மாறிவிட்டது. புள்ளி ஓவியங்கள் முதன்மை வரிசையை விட்டுப் போயின. நீங்கள் தொடக்கத்தைப் பார்த்த ஒரு கலை, நீங்கள் இல்லாதபோது தன் உச்சத்தைத் தொட்டு, அதே இடத்தில் முடிந்தும்விட்டது. அந்த அசைவில் ட்ரப்பிஷைப் பார்க்காதவர் அதைப் பார்க்கவே இல்லை.

இத்தனையும் நான் சொல்ல வந்ததற்கு முன்கதைதான். ஐந்தாம் தலைமுறையை நீங்கள் விளையாடியாக வேண்டும் என்று நான் மன்றாடுவது, அது கேட்ட ஒரு கேள்விக்காக. காட்டில் திரியும் உயிரை அடித்துச் சோர்வாக்கி, பந்துக்குள் அடைத்து, வேறொருவருடையதோடு மோதவிடுகிறோம், இது அன்புதானா? முதல் நான்கு தலைமுறைகளும் இந்தக் கேள்வி எழாதபடி கவனமாக நடந்துகொண்டன. ‘பிளாக்’, ‘ஒயிட்’டில் இரண்டாவது ஊருக்குள் நுழைந்ததுமே, சதுக்கத்தில் கெட்சிஸ் என்பவர் கூட்டத்தைக் கூட்டி, போக்கிமான்களை விடுவியுங்கள் என்று பேசிக்கொண்டிருக்கிறார். கேட்பவர்கள் முகத்தில் குழப்பம். கூட்டம் கலைந்ததும் ஓர் இளைஞன் உங்களிடம் வருகிறான். முழுப் பெயர் நேச்சுரல் ஹார்மோனியா குரோப்பியஸ். விளையாட்டு அவனை ‘என்’ என்ற ஒற்றை எழுத்தால் அழைக்கிறது. போக்கிமான்களின் பேச்சு அவனுக்குக் கேட்கும். அவன் வழிநெடுக உங்களோடு மோதுகிறான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவனிடம் இருப்பவை வேறு, அந்தந்த இடத்தில் வாழும் உயிர்கள். சார்ஜ்ஸ்டோன் குகையில் மோதினால் அந்தக் குகையின் ஜோல்டிக்கும் கிளிங்கும்தான் வரும். உடன் வரச் சம்மதித்ததை அழைத்துக்கொண்டு, சண்டை முடிந்ததும் விட்டுவிடுகிறான். இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. கூர்ந்து பார்ப்பவருக்குத்தான் புரியும். உங்கள் பையில் ஆறு பந்துகள் நிரந்தரமாக இருக்கின்றன. எதிரே நிற்பவன் ஒன்றையும் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. இருவரில் யார் வில்லன் என்று யோசிக்க வைக்கும் போக்கிமான் விளையாட்டு அதற்கு முன் இல்லை.

கதையின் கடைசியில் ‘என்’னுடைய கோட்டைக்குள் ஓர் அறை இருக்கிறது. வளர்ந்துவிட்ட ஒருவனின் அறை. ஆனால் தரையெல்லாம் குழந்தையின் பொம்மைகள், பொம்மை ரயில், பந்து. அறைக்குள் ஒலிக்கும் இசைகூடக் குழந்தையின் இசைப்பெட்டியிலிருந்து வருவது போலத்தான் இருக்கும். மனிதர்களால் காயப்பட்ட போக்கிமான்களை மட்டும் உடன் விட்டு அவனை அடைத்து வளர்த்திருக்கிறார்கள். அவனுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அந்த உலகத்திலிருந்து அவன் கண்ட முடிவு அவனளவில் முழுக்க நேர்மையானது. அந்த அறையைத் தாண்டிப் போய் அவனோடு மோதும்போது அவன் பக்கத்தில் நிற்பவற்றில் ஒன்று, நீங்கள் சிரித்த ஐஸ்கிரீமின் முதிர்ந்த வடிவம். அந்த இடத்தில் அதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது.

இங்கே நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்பு எளிதானதல்ல. கேள்வியைக் கேட்டுவிட்டு விளையாட்டு நழுவிவிட்டது என்பீர்கள். கெட்சிஸ் பேசிய விடுதலை பொய் என்று தெரியவருகிறது: மற்றவர்கள் எல்லாரும் போக்கிமான்களை விட்டுவிட்டால் தான் மட்டும் அவற்றை வைத்து ஆளலாம் என்பதே அவருடைய திட்டம். கேட்டவர் அயோக்கியர் என்று காட்டிவிட்டால் கேள்வி தானாகத் தள்ளுபடி ஆகிவிடுகிறதா? ஆகாது. இதில் எழுதியவர்கள் சுலப வழியை எடுத்தார்கள் என்பதை மறுக்க மாட்டேன். முதன்முதலில் சந்தித்தபோது உங்கள் போக்கிமான் உங்களைப் பிடிக்கும் என்று சொன்னது தன்னை அதிர வைத்தது என்று ‘என்’ கடைசியில் சொல்வது மனத்தைத் தொடும். ஆனால் நீங்கள் அதை எப்படி நடத்தியிருந்தாலும் அவன் அதையேதான் சொல்வான். அது சாட்சியம் அல்ல, எழுதிவைத்த வசனம். இத்தனை குறை இருந்தும் நான் வாதத்தை விடாததற்குக் காரணம், கேள்வி அதோடு முடிந்துவிடவில்லை என்பது. இரண்டு ஆண்டு கழித்து நடக்கும் கதையாக வந்த ‘பிளாக் 2’, ‘ஒயிட் 2’ அதே நிலத்துக்குத் திரும்புகிறது. கெட்சிஸின் விடுதலைக் கூட்டம் இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஒரு பிரிவு கெட்சிஸ் பின்னால் போகிறது. இன்னொரு பிரிவு டிரிஃப்ட்வெயிலில் ஒரு வீட்டில் தங்கி, தாங்கள் பறித்துவந்த போக்கிமான்களைப் பராமரித்து, உரியவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. உங்களோடு பயணிக்கும் ஹியூ என்ற பையன் ஐந்து வருடத்துக்கு முன் திருடப்பட்ட தன் தங்கையின் பர்லாய்னைத் தேடுகிறான். குட்டியாகப் போனது முதிர்ந்த வடிவில் திரும்பக் கிடைக்கிறது. தங்கை இழந்த அந்தக் குட்டியை இனி யாரும் தர முடியாது. ‘விடுவியுங்கள்’ என்ற அழகான சொல்லால் ஒரு குழந்தையிடமிருந்து என்ன பறிபோனது என்று கணக்குப் பார்க்கிறது விளையாட்டு. 2012இல் விலங்குரிமை அமைப்பான பீட்டா போக்கிமானைக் கண்டித்து ஒரு பகடி விளையாட்டை வெளியிட்டபோது பலர் கைதட்டினார்கள். அதைவிடக் கூர்மையாக அதே கேள்வியை அந்த விளையாட்டே தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்ததைச் சொல்ல, விளையாடியவர்கள்தாம் வேண்டியிருந்தார்கள்.

குழந்தைகளுக்கானது, வயதானபின் எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘பிளாக்’, ‘ஒயிட்’டில் உங்களோடு வளர்ந்த செரன் பலசாலி ஆக வேண்டும் என்று மட்டுமே ஓடுகிறான். பலம் வந்தபின் அதை வைத்து என்ன செய்வாய் என்று சாம்பியன் ஆல்டர் கேட்கும்போது அவனிடம் பதில் இல்லை. அந்த ஆல்டரோ தன் முதல் துணையை நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு ஊர் ஊராகத் திரிபவர். தோழி பியாங்காவை அவள் அப்பா நடுவழியில் வந்து வீட்டுக்குக் கூப்பிடுகிறார்; அவள் போக மறுக்கிறாள். ஆனால் தனக்குப் போர்த்திறமை இல்லை என்பதையும் பிறகு அவளே உணர்ந்து, ஆராய்ச்சியில் தன் வழியைத் தேடிக்கொள்கிறாள். நீங்கள்? முந்தைய விளையாட்டுகளில் சாம்பியனை வென்றால்தான் கதை முடியும். இதில் ‘என்’ உங்களுக்கு முன்பே ஆல்டரைத் தோற்கடித்துவிடுகிறான். சாம்பியன் பட்டம் கிடைக்காமலேயே கதை முடிந்து பெயர்கள் ஓடுகின்றன. இருபது வயதுக்கு மேல் இதை விளையாடுபவருக்குத்தான் இது முழுதாகப் புரியும். அனுபவப் புள்ளிக் கணக்கைக்கூட இதற்கேற்ப மாற்றியிருக்கிறார்கள்: பெரியதை வைத்துச் சின்னதை அடித்தால் கிடைப்பது குறைவு, சின்னது பெரியதை வென்றால் அதிகம். ஒரே சாரிஸார்டை வளர்த்து அதைக் கொண்டே எல்லாரையும் சாய்த்த பழைய வழி இங்கே ஓடாது; புதிதாக வந்து சேர்ந்த பலவீனமானதற்கும் இடம் கொடுத்தாக வேண்டும்.

பாதை நேர்கோடாகப் போகிறது, கிளை வழிகள் குறைவு என்ற குறையை அப்படியே ஏற்கிறேன். இணையப் பகுதிகள் செத்துவிட்டன என்பதும் உண்மை. கனவுலகம் என்ற இணையதளத்தை 2014 ஜனவரியில் மூடினார்கள், டிஎஸ்ஸின் இணையச் சேவை அதே ஆண்டு மே 20 அன்று நின்றது. ஆனால் நான் இதுவரை சொன்ன எதற்கும் இணையம் தேவையில்லை. இதை எழுதும்வரை மறுபதிப்பும் வரவில்லை. வரும் என்று காத்திருப்பவர்களிடம், வந்தாலும் அந்தப் புள்ளி ஓவியங்கள் அதில் இருக்கும் என்று யார் உறுதி தர முடியும் என்று கேட்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. யுனோவாவுக்கு ஒரு முறை போங்கள். ‘பிளாக்’ அல்லது ‘ஒயிட்’ ஒன்றை முடித்துவிட்டு, பிறகே ‘பிளாக் 2’ அல்லது ‘ஒயிட் 2’வுக்குப் போங்கள், இரண்டாவதுதான் சிறந்தது என்று கேள்விப்பட்டு முதலாவதைத் தாண்டிவிடாதீர்கள். 156இன் பட்டியலை முன்கூட்டிப் பார்க்காதீர்கள். எது வலிமையானது என்று தேடாதீர்கள். ட்ரப்பிஷ் எதிரே வந்தால் பிடியுங்கள், பெயர் வையுங்கள், நான்கு ஊர்களாவது கூட வைத்திருங்கள். கேஸ்டெலியாவின் தெருவில் ஓடாமல் நடங்கள். மாதம் மாறினால் யுனோவாவில் பருவம் மாறும். ஒரே வாரத்தில் முடித்துவிட்டால் ஒரு பருவத்தைத்தான் பார்ப்பீர்கள், எனவே அவசரப்படாதீர்கள். கோட்டையில் அந்த அறைக்குள் நுழைந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். எல்லாம் முடிந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். அது விளையாடியவரின் தீர்ப்பு. அதோடு வாதாடவும் முடியும், தோற்கவும் முடியும்.

பழைய கார்ட்ரிட்ஜ்தான் கிடைக்கும். அசல் கறுப்பாக இருக்கும். மற்ற டிஎஸ் விளையாட்டுகளைப் போலச் சாம்பல் நிறத்தில் இருந்தால் போலி. அதற்குள் ஒரே ஒரு சேவுக்குத்தான் இடம் உண்டு, எனவே முன்பு வைத்திருந்தவரின் விளையாட்டு பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அதை அழித்தால்தான் நீங்கள் தொடங்கி, உங்கள் பயணத்தைச் சேமித்துவைக்க முடியும். அழிக்கத் தலைப்புத் திரையில் மேல் அம்பு, செலக்ட், பி மூன்றையும் சேர்த்து அமுக்க வேண்டும். அமுக்கும் முன் ஒரு முறை ‘கன்டினியூ’ கொடுத்து உள்ளே போய்ப் பாருங்கள். எந்த ஊரில் நிறுத்தியிருக்கிறார்கள், எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார்கள், ஆறில் எவை இருக்கின்றன, ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில் எங்கே சந்தித்தார்கள் என்று எல்லாம் அதில் பதிந்திருக்கும். 2011இல் ஒரு தம்பியோ தங்கையோ, உங்களுக்குத் தெரியாமல், அந்த உயிர்களை வளர்த்திருக்கிறார்கள். அவர்கள் வைத்த பெயர்களைப் படித்துவிட்டு, பிறகு அழித்து, முதல் புல்வெளிக்கு வாருங்கள்.